மரத்த உதட்டில் ஒரு சொல்

வீப்கெவுக்குக் கடைவாய்ப் பல்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிடுங்கப் பாதிக் காசு.
கூபெனிலிருந்து கூபினுக்குப்
பாலத்தில் நடந்தால் நாலு நிமிடம்.
முன்பு ஒரே ஊர். போர் முடிந்த வருடம்
நைஸெ ஆற்றை வைத்து அறுத்தார்கள்.

அகராதிக்கு அட்டை எழுதுகிறவள்.
மூன்று வாரமாக மேசையில் ஒரே சொல்:
கிரென்ட்ஸ.
எல்லை.
தோண்டிப் பார்த்தால்
அது ஜெர்மனே இல்லை.
எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்
நிலம் அளந்தவர்களின் வாயில் ஒட்டிக்கொண்டு
கிரனீத்ஸா என்று
கிழக்கிலிருந்து வந்திருக்கிறது.
அதற்கு முன் இவர்களிடம் இருந்தது மார்க்:
காடு தொடங்குகிற இடம்,
சரியாக எங்கே என்று யாரும் கேட்காத இடம்.
பிறகு கோடு வேண்டியிருந்தது.
கோட்டுக்கான சொல்லைக்
கோட்டுக்கு அப்பால் போய்க் கடன் வாங்கினார்கள்.

இன்னும் அடியில், விளிம்பு, முனை.
வாற்கோதுமைக் கதிரின் முள்ளுக்கும்
அதே வேர்தான் என்கிறார்கள்.
அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
'ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும்.
திருப்பித் தடவிப் பார்.'
மேலதிகாரி அதை அடித்துவிடுவார்.

டாக்டர் போஷென்னா ஸ்கோவ்ரோன்ஸ்கா
ஊசி போட்டுவிட்டுக் கேட்டாள்:
எதுவரை மரத்திருக்கிறது?
கீழுதட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.
விரலுக்கு உதடு தெரிகிறது,
உதட்டுக்கு விரல் தெரியவில்லை,
பிறகு கொஞ்சம் தெரிகிறது,
இல்லை, தெரியவில்லை.
இதோ இங்கே என்று காட்ட முடியவில்லை.
மார்க், என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பாலத்தின் முடிவில்
மறுபடி போட்டிருந்த சோதனைச் சாவடி.
காவலன் சின்னப் பையன்.
நெஞ்சில் பெயர் ம்ரோஸ்.
போலிஷில் அதற்கு உறைபனி;
அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.
எதற்கு அந்தப் பக்கம்?
'கிரென்ட்ஸ தாண்டினால் மலிவு' என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.
பாதி உதடு ஒத்துழைக்கவில்லை.
சொல் நடுவில் தொய்ந்து, இழுபட்டு,
வாலில் ஓர் ஆகாரம் முளைத்து
வெளியே விழுந்தது,
எச்சிலோடு, பழைய பெயரில்.

போலிஷ் பேசுவீர்களா? என்றான்.
தலையாட்டி மறுத்தாள்.

பையில் வெண்ணெய், ஒரு கட்டு முள்ளங்கி,
பஞ்சில் சுற்றிய பொட்டலம்.
பிரிக்கச் சொன்னான்.
பல். இரண்டு வேர்.
ஒன்று மற்றதன் பக்கம் வளைந்திருந்தது.
அவன் அதைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான்.
உங்களுடையதா?

ஆமாம் என்பதற்கு உதடு வேண்டியிருக்கவில்லை.

வீடு சேர்ந்து காபி போட்டாள்,
ஒரு பக்கமாக ஒழுகியது.
சாயங்காலம்வரை அந்தப் பாதி உதடு
எந்த ஊரில் இருந்ததென்று
அவளுக்கே தெரியாது.