ஒரு மாத்திரை

அலோக்கிலிருந்து வரும் குழாய்
மூன்றாம் நாள் காற்றைத் துப்பியது.
நாலாம் நாள் அதுவும் இல்லை.
ஹசக்கேயில், வானொலி நிலையத்து மாடியில்,
கடைசித் தண்ணீர்ப் போத்தலை
மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் ஸோஸின்.
தொண்டைக்கு மட்டும்.
ஒரு செய்தியறிக்கைக்கு ஒரு மிடறு.

வடக்கே செரே கானியே.
ஊற்றின் தலை என்று பொருள்.
எல்லைச் சுவரைத் திறந்துகொண்டு வந்த படை
தன் போருக்குச் சூட்டிய பெயரில்
அமைதி இருந்தது, ஊற்றும் இருந்தது.
பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்.

அந்த ஊரில் பஞ்சர் கடை வைத்திருந்த ஹெஸ்ஸோ
கடையிலிருந்த எழுபத்திரண்டு டயர்களையும்
தெருவில் உருட்டிக் கொளுத்தினான்
விமானத்தின் கண்ணில் கரி பூச.
லாரி டயர் மதியம் முழுக்க நின்று எரியும்.
சைக்கிள் டயர் ஒரு சிகரெட் நேரம்.
இன்னும் இரண்டு இருக்கிறது என்று
மகன் தில்லோவான் புகைக்குள் ஓடினான்.
பிறகு காற்று திசை மாறியது,
தெரு முழுதும் தெரிந்தது.

ஸோஸினின் மேசைக்குத் தலைநகரங்கள் வந்தன,
தாள் தாளாக.
ஒன்று நிலவரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஒன்று இரு தரப்பையும் பொறுமை காக்கச் சொன்னது.
இனிமேல் ஆயுதம் விற்பதில்லை என்றது ஒன்று.
விற்றது ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்தது.
போன வாரம்வரை தோழனாயிருந்தது
விலகி நிற்கிறோம் என்றது;
அதன் வண்டிகள் சன்னலுக்குக் கீழே
விலகிக்கொண்டிருந்தன.
ஒரு பையன் பின்னால் ஓடினான்,
கல்லெறியவா கையசைக்கவா
மாடியிலிருந்து தெரியவில்லை.
பெரிய சபை கதவைச் சாத்திக்கொண்டு கூடி
கதவைத் திறந்துகொண்டு கலைந்தது.

எல்லாத் தாளிலும் ஒரு சொல் இருந்தது.
ஆழ்ந்த கவலை.
மிக ஆழ்ந்த கவலை.
தமிழில் கவலை என்றால்
மாடு கட்டி நீரிறைக்கும் சால்கூடத்தான்.
இத்தனை ஆழத்துக்கு
எத்தனை முழம் வடம் விட்டாலும்
இந்தக் கவலையில் தோல் நனையவில்லை.

அவள் மொழியில் ஆழம் என்பது கூர்.
மகன் என்பது குர்.
எழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி,
அவ்வளவுதான் வித்தியாசம்.
நம் குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே
இருக்கிற அதே ஒரு மாத்திரை.

நாலாம் நாள் இரவு
தூங்காத விரல் தொப்பியை விட்டுவிட்டது.
எழுதியிருந்ததை வாசித்தாள்:
ஒரு நாடு
மகனின் துயரத்தைத் தெரிவித்திருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் ஜெம்ஷித் கையைத் தூக்கினான்.
அதற்குள் அவள்
மூடப்பட்ட சாலைகளுக்கு வந்திருந்தாள்,
தெல் தமர் பாலம், கிழக்குப் புறவழி,
மருத்துவமனைக்கு இரத்தம், எந்த வகையானாலும்.

தொலைபேசி அடித்தது.
ஏதோ பள்ளிக்கூடம், பின்னால் நிறையக் குழந்தைகள்.
பெயர் ஹெஸ்ஸோ என்றான்.
எந்த நாடு அது, என்றான்.
அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை சொல்லு தங்கச்சி,
சுவரில் எழுதிக்கொள்கிறேன்,
கரித்துண்டு இருக்கிறது.

அவள் போத்தலைத் திறந்தாள்.
அடுத்த அறிக்கைக்கான மிடறு.
குடித்துவிட்டு
லைன் சரியில்லை அண்ணா, கேட்கவில்லை, என்றாள்.
கேட்டது.
குழந்தைகளில் ஒன்று இருமியதுகூடக் கேட்டது.

எட்டு மணிக்குத் திருத்தம் வாசிக்கப்பட்டது.
தொப்பி திரும்ப வந்தது.
துயரம் மறுபடியும் ஆழமாயிற்று,
மகன் அதிலிருந்து எடுக்கப்பட்டான்.

ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவில்
கரும்பலகைக்குக் கீழே
யாரோ ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்கள்.
பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள்.