அபராதப் புத்தகம்

மனியாபாவுக்குச் சுவர் கிடையாது.
கூரை தாழ்ந்து இறங்குவதால்
குனியாமல் யாரும் உள்ளே வர முடியாது,
மீன்வளத் துறைப் படகில் வந்திறங்கிய தொகானிமானும்.
கொண்டுவந்த வரைபடத்தை விரித்தார்.
நான்கு மூலைக்கும் தேங்காய் வைத்தோம்.
ஓர் ஓரம் மட்டும்
காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

கிழக்குத் திட்டை
இரண்டு வருடம் மூட வேண்டும் என்றார்.
தண்ணீர் சூடேறுகிறது, கடல் உயர்கிறது,
சேற்றுக்குள் இருக்கும் சிப்பியாவது பெருகட்டும்.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
படிவத்தில் மூன்று கட்டம்:
வந்தோர், ஆதரவு, எதிர்ப்பு.

ரகெந்தாய் எழுந்து நிற்கவில்லை.
உட்கார்ந்தபடியே வாளியை நடுவுக்குத் தள்ளினாள்.
"எண்ணிப் பாருங்கள்."
எண்ணினார். நாற்பத்தொன்று.
"போன வருடம் இதே வாளிக்கு மூடி போட முடியாது.
குறைந்துவிட்டது என்று உங்கள் காகிதம் சொல்வதற்கு முன்பே
என் இடுப்பு சொல்லிவிட்டது,
அத்தனை நேரம் குனிகிறேன்.
மூடுங்கள். நானே கம்பு நடுகிறேன்.
மறுநாள் உலையில் எதைப் போடுவேன் என்பதையும்
இந்தப் படத்தில் காட்டிவிட்டு மூடுங்கள்."

தேங்காய் ஒன்று உருண்டு போனது.
அவள் பேச்சை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூன்று இரவு பேசினோம்.
மோட்டார் படகு வைத்திருப்பவர்கள்
சனிக்கிழமை தோறும் சிப்பி எடுக்கும் வீடுகளுக்கு
மீன் கொடுக்க வேண்டும் என்றதும்
கபுரோரோ கொதித்தான்.
"என் பெட்ரோல், என் வலை.
அடிமடியில் கை வைக்கிறீர்கள்."
ரகெந்தாய் நிதானமாகக் கேட்டாள்:
"உன் வாசலில் அலையை நிறுத்தி வைத்திருக்கிற
கண்டல் கன்றுகளை நட்டது யார்?
அறுநூறு நட்டோம், இருநூறு பிழைத்தது.
அதற்கு நாங்கள் பெட்ரோல் கேட்டோமா?"
அவன் கூரையைப் பார்த்தான்.
ஆதரவு என்று எழுதிக்கொண்டேன்.

அவளையே காவலுக்கு வைத்தார்கள்.
சம்பளம் இல்லை.
ஒரு டார்ச், கோடு போட்ட ஒரு நோட்டு.
அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்:
அபராதப் புத்தகம்.

பிப்ரவரிப் பௌர்ணமிக்குக்
கடல் தெருவைக் கடந்து வந்தது.
சத்தமே இல்லை,
வாடகை கேட்க வந்தவன் மாதிரி
வீடு வீடாக நின்று போனது.
பபாய்க் கிழங்குக் குழிகளில் உப்பு இறங்கி
யானைக் காது அளவு இலைகள்
ஒரே வாரத்தில் மஞ்சளாகிச் சாய்ந்தன.
அந்தச் சனிக்கிழமை காற்று பலம்.
படகு எதுவும் போகவில்லை.

ஞாயிறு காலை,
தேவாலய மணிக்கு முன்,
நோட்டை என் மேசையில் வைத்தாள்.
"என் எழுத்து கோணலாக வரும். நீ எழுது.
பெயர் ரகெந்தாய்.
பன்னிரண்டு சிப்பி. இரண்டு டாலர்."
யார் பார்த்தது என்றேன்.
"காவல்காரி பார்த்தாள்."
நாணயங்களை எண்ணி வைத்தாள்,
ஒன்று ஈரமாக இருந்தது.

ஆண்டு முடிவில் தொகானிமான் வந்தார்.
மீறல் எத்தனை என்று கேட்டார்.
ஒன்று.
"அருமை. சமூகப் பங்கேற்பு மிக நன்று" என்று
எழுதிக்கொண்டு போனார்.
பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திறக்க இன்னும் ஐந்து மாதம்.
நேற்று வற்றத்தில் ஒரு சிப்பியை எடுத்து
விரல் கணுவில் அளந்து பார்த்தாள்.
இரண்டு கணு தாண்டியது.
எடுத்த குழியிலேயே திருப்பி வைத்துக்
காலால் சேற்றை மூடினாள்.

இப்போது வேறு தகராறு.
போன அலையில் எல்லைக் கம்பு சாய்ந்துவிட்டது.
கரையிலிருந்து பத்து எட்டு என்பது தீர்மானம்.
கரை உள்ளே நகர்ந்துவிட்டது.
புதுக் கரையிலிருந்து அளந்தால்
கபுரோரோவின் பழைய பன்றிப் பட்டி
மூடிய பகுதிக்குள் வருகிறது.
கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு
அவள் அங்கே நிற்கிறாள்.
அவன் பன்றிகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.
நான் நோட்டோடு போய்க்கொண்டிருக்கிறேன்.