தீ கொதிக்கும்

ஹாங்காங் கப்பலில் பதினோரு வருஷம்
எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவன் என் புருஷன் அமலதாஸ்.
வரும்போது பெட்டியில் சென்ட் பாட்டில் இரண்டு,
வாயில், கப்பல் சமையல்காரன் லாமின் ஆத்திரம் முழுசும்.

கல்மண்டபம் ஸ்டாப்பில் கண்டக்டர் சில்லறை தராமல் போக
‘ஃபோ குவன்’ என்று கத்தினான்.
தீ கொதிக்குதாம்.
தண்ணிதானே கொதிக்கும், தீ எப்படி?
அதான் கோவம், என்றான்.

இன்னொரு நாள் மீன்பெட்டி மேல் சாக்பீஸால்
அவர்கள் கோபத்தை எழுதிக் காட்டினான்:
இந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை, அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை,
நடுவில் பொம்பிளை.
எவன்டா எழுதினான் இதை, என் வூட்டை எட்டிப் பார்த்து?

ரொம்ப பயந்தால்
மூக்கு ஓட்டையில்கூட சதை இருக்காதாம் அவர்களுக்கு.
சிரித்தேன்.
எங்களுக்கு ஈரக்குலைதான் நடுங்கும்,
மூக்கு அது பாட்டுக்கு இருக்கும்.

அந்த ஐப்பசியில்
நெவில் போன படகு ரெண்டு நாள் வரவில்லை.
வயர்லெஸ்ஸும் செத்துக் கிடந்தது.
காசிமேட்டில், ஐஸ் லாரி வெளிச்சத்தில்
இவன் முகத்தைப் பார்த்தேன்.
நிஜம்தான். மூக்கில் சதை இல்லை.

மூன்றாம் நாள் வேறொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது.
கட்டையில போறவனே, சோமாரி என்று
பிள்ளையின் தலையில் காய்ந்த உப்பைத் துடைத்தேன்.
அப்பன் கை ஓங்கினான்.
நடுவில் போனேன்.
மூவரும் அந்த எழுத்தாக நின்றோம், கொஞ்ச நேரம்.

அப்புறம் கண் பரிசோதனையில் தோற்றான்.
கப்பல் இல்லை.
திட்டும் இல்லை.
கண்டக்டர் பத்து ரூபாய் விழுங்கினாலும் பேசாமல் இறங்கினான்.
‘மனசு சப்பென்று ஆச்சு’ என்றான் ஒருநாள்.
சூப்பில் உப்பு இல்லையென்றால்
லாம் துப்பிவிட்டுச் சொல்லும் அதே சொல்லாம், மனசுக்கும்.

எட்டு மாசமாக மறைத்து வைத்திருந்ததை
அன்றைக்கு ராத்திரிதான் சொன்னேன்:
நெவிலுக்குக் கப்பல் வேலை என்று
மண்ணடி ஏஜெண்டிடம் நான் கட்டிய ஒன்றே முக்கால் லட்சம்,
என் தாலிச்சரடு சேர்த்து.
ஆபீஸ் பூட்டிக் கிடக்குது.

முதலில் ஒன்றும் சொல்லவில்லை.
‘சதை வலிக்குது’ என்றான் மெதுவாக.
காசு போனால் அவர்களுக்குச் சதைதான் வலிக்கும்.
பிறகு எழுந்தான்.
லுங்கியை மடித்துக் கட்டினான்.
ஏஜெண்டை, என்னை, லாமை, துறைமுகத்தை,
பாதி ராயபுரத்தில், பாதி ஹாங்காங்கில்.
பக்கத்து வீட்டு மும்தாஜ் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள்.

தீ கொதித்தது.
நான் போய் உலை வைத்தேன்.