ஓட்டுநர் பக்கக் கதவு

அக்டோபரில் வாங்கினான் ஹ்யால்டி, அந்தக் கருநீல வோல்வோவை.
மீன் ஆலையில் பதினோரு வருடம்
காட் மீனின் முள்ளை உருவி உருவிச் சேர்த்த பணம்.
மூன்றாவது கை மாறிய கார்தான்,
ஆனால் பெயிண்ட் புதுசு.
விரலால் தொட்டால்
விரல் தன்னையே பார்த்துக்கொள்ளும்.

கிரௌனாவுக்கு அதெல்லாம் தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
மாலை ஐந்து மணிக்கு
இந்த வீட்டிலேயே சூடான இடம்
வீட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது,
மீன் வாசனையோடு.

மறுநாள் பானெட்டில் நான்கு கோடுகள்.
ஹ்யால்டி மண்டியிட்டு, டார்ச் அடித்து,
ஒவ்வொன்றாக எண்ணினான்.
எங்கள் கல்யாணப் புகைப்படத்தை
அவன் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

ஆரஞ்சுத் தோல் பரப்பினான். பனி மூடிவிட்டது.
காப்பித் தூள் தூவினான்.
அடுத்த வீட்டு ஸ்வாலா நின்று பார்த்து,
"சாம்பல் விழுந்திருக்கிறதே, எந்த மலை வெடித்தது?"
என்று கேட்டுவிட்டுப் போனாள்.
ரெய்க்யவிக்கிலிருந்து கார் உறை தருவித்தான்.
வடகாற்று ஒரே இரவில் அதை உரித்து
தேவாலயப் படிக்கட்டில் போட்டது.
உறைக்குள் ஒட்டியிருந்த மணல்
பூனை போடாத கோடுகளையும் போட்டு முடித்திருந்தது.

பிறகு மெழுகு.
மூன்று பூச்சு, சனிக்கிழமை முழுக்க.
தேய்த்து முடித்து
ஜன்னலுக்குப் பின்னால் கைகட்டி நின்றான்.
கிரௌனா தாவினாள்.
நான்கு காலும் நான்கு திசைக்குப் போயின.
ஒரு கணம் அவள் முகத்தில்
ஐஸில் வழுக்கும் பாதிரியாரின்
மரியாதை கெடாத பீதி.
விழாமலிருக்க நகங்களை நீட்டினாள்,
பதினெட்டையும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது,
நகம் வெளியே வருவது கோபத்தில் அல்ல,
பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது.
அதை ஹ்யால்டியிடம் சொல்லவில்லை.
சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஏனென்றால்
ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கிறதே,
எல்லாவற்றிலும் நீளமானது,
பக்கக் கண்ணாடியில் தொடங்கிக் கைப்பிடி வரைக்கும்,
ஹ்யால்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்து
"இதற்கு என்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு?" என்று
நிஜமாகவே கலங்கினானே,
அந்தக் கோடு
பனி அள்ளும் மண்வெட்டி போட்டது.
நவம்பர் ஒன்பது. விடியாத காலை.
எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
எந்தப் பூனை நிற்கிற கதவில்
முக்கால் மீட்டருக்கு நேர்கோடு போடும்?
அவன் கேட்கவில்லை.
கேட்கும்படி நானும் விடவில்லை.
அன்றிரவு கிரௌனாவின் தட்டில்
கொஞ்சம் கூடுதலாக வெண்ணெய் வைத்தேன்.
நக்கி முடித்து நிமிர்ந்து பார்த்தாள்,
பாக்கி இன்னும் இருக்கிறது என்பது போல.

ஜனவரியில் ஒரு ஸ்வெட்டரை எடுத்து
பானெட்டில் விரித்தேன்.
நான் பின்னியது, கழுத்து அரிக்கிறதென்று
அவன் இரண்டே முறை போட்டது.
கிரௌனா ஏறினாள், மூன்று சுற்றுச் சுற்றினாள்,
நகங்களைக் கம்பளிக்குள் புதைத்துத் தூங்கிப் போனாள்.
தினமும் மணல் போக உதறி விரிக்கிறேன்.
அதன்பின் புதுக் கோடு ஒன்றும் இல்லை.
"உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது?" என்று
ஹ்யால்டி என் தோளைத் தட்டினான்.
கம்பளி அப்போது எனக்கு அரித்தது.

இப்போதெல்லாம் காலையில் சாவி போடும் முன்
பானெட்டை இரண்டு முறை தட்டுகிறான்.
"உள்ளே யாராவது இருந்தால் வெளியே வந்துவிடு."
பூனைக்குத்தான் சொல்கிறான்.
பக்கத்து இருக்கையில் நான் பெல்ட்டைச் சரிசெய்கிறேன்.

இந்த ஊரில் சிவப்பு விளக்கு இதய வடிவில் எரியும்.
அதன் முன்னால் நிற்கும்போது
தினமும் வாயைத் திறக்கிறேன்.
அதற்குள் பச்சை விழுந்துவிடுகிறது.