இடது கண்

ஐம்பது முடிந்த மாதமே
ஈபிஎஃப் காசுக்கு விண்ணப்பம் கொடுத்தேன்.
கிளியரிங் கந்தோரில் இருபத்தேழு வருசம்
ஊரார் வாகனங்களின் சேசிஸ் நம்பரை
மூன்று பிரதிகளில் எழுதிய விரல்
கடைசியாக ஒன்றை எனக்கென்று எழுதிற்று.
அதில் ஓர் இலக்கம் பிழை.
டிப்பெக்ஸ் போட்டுத் திருத்தினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் துறைமுக யார்டில் கண்டது
இதே இனம், இதே சிவப்பு.
கொள்கலன் நிழலில் தாழக் குந்தியிருந்தது
எவரோ தேயிலைக் கம்பெனிக்காரரின் மகனுக்காக.
மழைக்கு ஒதுங்குகிற சாட்டில்
பத்திரங்களை நெஞ்சோடு அணைத்தபடி
ஏழு நிமிடம் உள்ளே இருந்தேன்.
கியரைத் தொடவில்லை.
தொட்டேன். ஒருதரம்.

எட்டு வருசம் சேர்த்தது
ஏஜென்சிக்காரனின் கைக்குப் போயிற்று;
தம்பி கனடாவுக்குப் போனான்.
அதில் எனக்குக் குறையில்லை.
போன கிழமை ஸ்காபரோவில் பனி வழித்தபடி
மூச்சு வாங்க வாங்கக் கேட்கிறான்:
"வெள்ளவத்தையில ஒரு பிளாட்டுக்கு
அட்வான்ஸ் குடுத்திருக்கலாமேயக்கா.
ரெண்டு சீட்டில ஆரை ஏத்தப் போறாய்?"
பக்கத்துச் சீட்டில் என் கைப்பை இருந்தது.
அதைச் சொன்னேன்.

காருக்கு வயது முப்பத்தொன்று.
நஸ்வார் நானா பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்து
வேறெதற்கோ பிறந்த ரேடியேட்டர் ஒன்றை
இதற்குப் பொருத்தினார்.
துணிக்கூரை என் உச்சந்தலைக்கு நேரே ஒழுகும்;
பால்மாப் பை ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.
முன்விளக்கு இரண்டும் மூடிக்கிடந்து
பொத்தான் அமர்த்த எழும்பும் சாதி இது.
இடது பக்கம் மட்டும் ஒருதரம் துடித்து
அரை நொடி பிந்தியே எழும்பும்.
மோட்டர் கிழடு, மாத்தணும் என்றார் நானா.
பொம்பிளைக்கு இடது கண் துடித்தால் நல்லது, விடுங்கோ என்றேன்.

காலி வீதியில்
இருநூறில் போகும் என்று எழுதப்பட்ட இது
நூறாம் நம்பர் பஸ்சின் பின்னால் பன்னிரண்டில் போகிறது.
கடலை விற்பவர் நடந்தே முந்துகிறார்.
பஸ்சின் புகைக்குழாய் சரியாக என் முக உயரம்.
மேலே ஜன்னலோரப் பள்ளிக்கூடப் பிள்ளை
தெஹிவளையிலிருந்து
என் மடியிலுள்ள பாணையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.
இதற்கா இத்தனை காசு என்றால்
இதற்கும்தான்.

ஞாயிறு விடிய நாலரை.
மரைன் டிரைவில் நாய்கள்கூட ஓரமாய்ப் படுத்திருந்தன.
கூரையை மடித்துப் பின்னால் தள்ளினேன்.
மூன்றாம் கியர்.
நாலாம் கியருக்கு
கை தானாகவே வழி கண்டது.
இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால்
இருட்டில் சத்தமாக மட்டும் இருக்கிற கடல்.
கிளிப் கழன்று எங்கோ விழ, கொண்டை அவிழ்ந்தது.
ஏதோ கத்தினேன்.
என்ன சொல் என்று ஞாபகமில்லை.

பம்பலப்பிட்டி தாண்ட, ஒரு டோர்ச்.

எத்தனை டோர்ச் கண்ட முகம்.
பஸ்சால் இறக்கி, வரிசையில் நிறுத்தி,
பிறந்த ஊரை எழுத்துக்கூட்டி வாசித்து
எங்கே போகிறாய், ஏன் போகிறாய்,
யார் வீட்டில் இருக்கிறாய்.
பிரேக்கில் கால் இருக்கும்போதே
கை கைப்பைக்குப் போய்விட்டது.
அவன் கேட்க முன்னமே
அடையாள அட்டை வெளியே.

பொடியன்.
சண்டை முடிந்த வருசம்
இவனுக்குப் பால்பல் விழுந்திருக்கும்.
அட்டையைப் பார்க்கவில்லை.
காரைச் சுற்றி ஒருதரம் நடந்தான்.
சூடான பொனெற்றில் உள்ளங்கையை வைத்து எடுத்தான்.
பிறகு சிங்களத்தில், தொப்பியைச் சரிசெய்தபடி:
இந்த லைட் உள்ளே போய் வருமாமே, மிஸ்.
ஒருக்கா காட்டுவீங்களா?

பொத்தானை அமர்த்தினேன்.
வீதி இருண்டது. கடல் கிட்ட வந்தது.
நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
திரும்ப அமர்த்தினேன்:
வலது. பிறகு,
துடித்து, யோசித்து,
இடது.

அவன் சிரித்துவிட்டான்.
இன்னொருக்கா என்று கேட்பதற்குள்
நான் அமர்த்தியிருந்தேன்.