நூற்றில் மீதி ஒன்று

மலைக்கு அடியில் ஆறு வருடம் இருந்தேன்.
தலைக்கு மேல் ஆயிரத்து நானூறு மீட்டர் பாறை.
பக்கத்துச் சுரங்கச் சாலையில் லாரி போனால்
காப்பியில் சின்னதாய் ஒரு வளையம்.
ஒரு தொட்டி, அதற்குள் காவல் காத்த இருட்டு.
அதில் ஒரு சிமிட்டல் தெரிந்தால்
எந்த நேரமானாலும் எழுப்பச் சொல்லியிருந்தேன்.
எழுப்பவில்லை.
ஆய்வேட்டின் கடைசி வரி:
'பின்னணி இரைச்சலுக்கு மேல் எதுவும் காணப்படவில்லை.'
அதற்கும் பட்டம் கொடுத்தார்கள்.

மிலானில், பதினோராம் மாடியில்,
ஃபுல்வியோ ஒன்றுதான் கேட்டான்:
அரிதானதை எண்ணத் தெரியுமா?
தெரியும் என்றேன்.
சம்பளம் மூன்று மடங்கு. வாடகையும்.

தினமும் மாலை ஓர் எண் அனுப்புகிறேன்.
நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள்
இழப்பு இதைத் தாண்டாது.
இயக்குநர் வாசித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்.
மீதி ஒரு நாளைப் பற்றி அவர் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல
என்னிடமும் எண் இல்லை.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்.
என் சமன்பாட்டின்படி
பிரபஞ்சத்தின் வயதுக்கு ஒருமுறை வரவேண்டிய சரிவு
காலை பத்தேகாலுக்கு வந்தது.
வியாழக்கிழமை மறுபடி வந்தது.
யாரும் கத்தவில்லை.
ஜியாசிந்தா ஆரஞ்சு உரிப்பதைப்
பாதியில் நிறுத்தினாள், அவ்வளவுதான்.

டிராமில் நின்றபடி யோசித்தேன்:
துகளுக்கு நான் காத்திருந்தது தெரியாது.
என் சூத்திரத்தை அது படித்ததில்லை.
இங்கே நான் ஒரு கோடு கிழித்தால்
ஊரிலுள்ள வங்கியெல்லாம்
அதே கோட்டில் வந்து நிற்கிறது,
ஒரே நொடியில் ஒரே கதவுக்கு ஓடுகிறது.
கோதுமை, கப்பல், ஜப்பானியக் கடன்பத்திரம்
ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று எழுதிவைத்திருந்தேன்.
பயம் வந்தபோது பார்த்தேன்,
எல்லாம் ஒரே குடும்பம்.

லாக்விலாவில் என் வீட்டுக்காரர் செஸிடியோ
சுவர் விரிசலுக்குக் குறுக்கே
கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்.
அது நாளைச் சொல்லாது, சதவீதம் சொல்லாது.
சுவர் நகர்ந்தால் உடையும்.
வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம்
இருவரும் முதலில் அதைப் பார்ப்போம்.

நேற்றைய அறிக்கையில் எண்ணுக்குக் கீழே
ஒரு வரி சேர்த்தேன்:
'இது பதினொரு வருடத் தரவு.
இந்தப் பதினொரு வருடத்தில் நிலம் அதிரவில்லை.'
மலையை விட்டு வந்த பிறகு
நான் எழுதிய முதல் அளவீடு அதுதான்.

நீக்கச் சொல்லித்தான் இருக்கும்,
காலையில் வந்த மின்னஞ்சல்.
இன்னும் திறக்கவில்லை.