ரயில் கேட்

மூன்று பேர் வந்திருந்தார்கள்.
பினாங்குக்காரர், பேராக்காரர், கெடாக்காரர்.
ஆளுக்கொரு ஃபைல். எனக்கு ஒரு மைலோ, ஐஸ் போட்டது.
நிபோங் திபாலில் அந்த மண்டபத்துக்கு
கல்யாணத்துக்கு மட்டுமே போயிருக்கிறேன்.

"அன்றிரவு லாரி ஓட்டியது நீங்கள்தானே, வேதமுத்து?"
நான்தான்.
"குழந்தை பிறந்தபோது லாரி எங்கே நின்றது?"

இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறார்கள்.
போன மாதம் இருபத்தைந்து கெஜத்திலிருந்து
இடது காலால் ஒன்று போட்டான்.
கோலி அசையவில்லை, வலைதான் அசைந்தது.
அதிலிருந்து முளைத்த கேள்வி.
தோற்றவர்கள் மனுப் போட்டார்கள்:
இவன் உங்கள் மாநிலத்தில் பிறந்தவனே இல்லை.

சரி, சொல்கிறேன்.
செம்பனைக் குலை இறக்கிவிட்டு வந்த லாரி.
மேலே தார்ப்பாய், கீழே மண்டோர் வீட்டு மெத்தை,
அதன்மேல் கோசலை. கையைப் பிடித்துக்கொள்ள
பக்கத்து லயத்து ஜெபமணி.
தோட்டம் பினாங்கில். ஆஸ்பத்திரி பாரிட் புந்தாரில், அது பேராக்.
நடுவில் பண்டார் பாரு, கெடாவின் வால்நுனி,
வெற்றிலையைத் துப்புவதற்குள் தாண்டிவிடலாம்.
மழை. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது,
அதுவும் என் பக்கமில்லை.
ரயில் கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில். சிமெண்டோ என்னவோ,
பெட்டி பெட்டியாய், முடியவே இல்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றில்
பின்னால் சத்தம். முதலில் ஜெபமணி சிரித்தது,
அப்புறம்தான் அவன்.

"கேட் எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

கேட் இப்போது இல்லை ஐயா, மேம்பாலம் போட்டுவிட்டார்கள்.
லாரியும் நீளமானது.
என் சீட் கெடாவில் என்றால்
மெத்தை பினாங்கில் இருந்திருக்கும்.

கெடாக்காரர் வரைபடத்தை விரித்தார்.
பேராக்காரர் பிறப்புப் பத்திரத்தைத் தட்டினார்,
ஆஸ்பத்திரி முத்திரை இருக்கிறதே.
பினாங்குக்காரர் படித்தவர். அயர்லாந்து என்றார்.
ஒரே தீவு, நடுவே கோடு,
வடக்கே பிறந்தவன் தெற்கின் சட்டையைப் போடுகிறானாம்,
கடல் தாண்டிப் பிறந்தவனும் தாத்தா பெயரைக் காட்டி வருகிறானாம்,
அங்கேயும் இதே சண்டையாம்.
அங்கேயும் மழை அதிகமாம்.

எனக்கு வேறொரு மேசை ஞாபகம் வந்தது.
பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஐசி எடுக்கப் போனோம்.
கோசலையிடம் இருந்தது சிவப்பு ஐசி,
கல்யாணத்துக்குப் பதிவு கிடையாது.
பாரிட் புந்தாரில் சொன்னார்கள்: விலாசம் பினாங்கு, அங்கே போ.
பினாங்கில் சொன்னார்கள்: பத்திரம் பேராக், அங்கே போ.
பண்டார் பாருவில், இங்கே எதற்கு வந்தாய்.
நாலு வருஷம். டீசல் என் காசு.
பள்ளிக்கூட டீமில் அவன் பெயரை எழுதி, அடித்து,
மறுபடி எழுதி, அடித்து,
பெஞ்சில் உட்காரக்கூட நம்பர் வேண்டுமாம்.
அதே கால்தான் அன்றைக்கும். அதே இடது கால்.
ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டு
லாரி எங்கே நின்றது என்று கேட்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை. மைலோவைக் குடித்தேன்.

படிவத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.
லாரி நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே யுகேந்திரன்,
பேட்டரி தீர்ந்த போனைக் குலுக்கிக்கொண்டு.
"மாமா, நெசமாவே எங்கே?"
"தெரியலடா. நான் ரயிலப் பாத்துட்டிருந்தேன்."
"அம்மா?"
"அவ தார்ப்பாயப் பாத்துட்டிருந்தா."

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாரி அது,
நம்பர் 'ஜே'யில் தொடங்கும்.
இப்போது ஜொகூருக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறதாம்.
சனிக்கிழமை ஆட்டம். முடிவு வரும்வரை
அவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்,
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு.